நம்ம இதழை நாமே தொகுப்போம்

(கூட்டமைப்பு இதழ்க்குழுப் பயிற்சியில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



கதை, பாட்டு, கோலம் எல்லாம் சேர்த்து நாமே ஒரு சின்ன இதழ் கொண்டு வரலாம்னு போன கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். உடனே பல பேர் கேட்டது, "எங்களுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தானே தெரியும், நாங்க என்னத்தை எழுதறது?" என்பதுதான்.

நாவலாசிரியர் வை.மு. கோதைநாயகி அம்மாள் பள்ளிக்கூடம் போய்ப் படித்ததில்லை. ஐந்து வயதிலேயே கல்யாணம். தன் முதல் நாடகமான 'இந்திர மோகனா'வை அவர் வாயால் சொல்ல, தோழி ஒருவர் எழுதிக் கொடுத்தார். அதே அம்மாள் 1925-ல் 'ஜகன்மோகினி' இதழைக் கையில் எடுத்து, முப்பது வருஷத்துக்கும் மேல் நடத்தினார். அதனால் நம்ம இதழிலும் ஒருத்தர் சொல்லலாம், இன்னொருத்தர் எழுதலாம்.

ஆனால் எழுதறவங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. "வட்டிக்காரன் செருப்புச் சத்தம் கேட்டா கைப்பிள்ளைகூட அழுகையை நிறுத்திடும்"னு ஒரு அக்கா சொல்றாங்கன்னு வைங்க. அதை "கந்துவட்டியால் பெண்கள் பாதிக்கப்படுகின்றனர்"னு மாத்தினா அந்த அக்காவே காணாமப் போயிடறாங்க. (எங்களை மாதிரி அறிக்கை எழுதற ஆட்களுக்கு இந்த வியாதி அதிகம்.) எழுத்துப்பிழையைத் திருத்துங்க. சொன்னதையே திரும்பச் சொல்லியிருந்தா குறைங்க. பேச்சை மாத்தாதீங்க. திருத்தினதை அவங்ககிட்டயே வாசிச்சுக் காட்டுங்க. "ஆமா, நான் சொன்னதுதான்"னு அவங்க சொன்னாத்தான் அச்சுக்குப் போகணும்.

புருஷன் குடிக்கிறது, தவணை நின்னு போனது மாதிரி வீட்டு விஷயம் வந்தா, பேர் போடலாமான்னு தனியா கேளுங்க. கூட்டத்தில் பத்துப் பேர் முன்னால கேட்டா "சரி"ன்னுதான் சொல்வாங்க. இதழ் வெளியே போனா ஊரே படிக்கும். அன்னிக்கு ராத்திரி அந்த வீட்டில் இருக்க வேண்டியவங்க அவங்கதான்.

இனி பக்கக் கணக்கு. ஒரு தாளை நடுவில் மடிச்சா 4 பக்கம். அதனால் இதழ் 8, 12, 16 என்று நாலு நாலாகத்தான் கூடும். 14 பக்கத்துக்கு மட்டும் விஷயம் இருந்தா மீதி ரெண்டில் விடுகதை போடலாம். 16 பக்கத்துக்கு 4 வெறுந்தாளை ஒன்றுக்குள் ஒன்றாக மடிச்சு, வரிசையாக எண் போட்டு, முதலில் 'டம்மி' செய்யுங்க. பிரிச்சுப் பார்த்தா வெளித்தாளில் 1-க்குப் பக்கத்தில் 16 நிற்கும், அதுக்குப் பின்னாடி 2-ம் 15-ம். எந்தத் தாளிலும் பக்கத்து எண்கள் ரெண்டையும் கூட்டினா 17 வரணும். வரலைன்னா ஜெராக்ஸ் கடைக்குக் கிளம்பாதீங்க, காசு வீண். நடுவில் 8-ம் 9-ம் மட்டும் ஒரே தாளில் சேர்ந்து விரியும். பெரிய கோலத்துக்கு அதுதான் இடம்.

இடம் போதலைன்னா ஊக்குநர், பிரதிநிதி எழுதினது அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும். முதல் தடவையா வாய் திறந்தவங்களோடது இந்த இதழில் வரணும்.

வர்ற கூட்டத்துக்கு ஆளுக்கு நாலு வெள்ளைத்தாள், ஊசி, நூல் கொண்டு வாங்க. உட்கார்ந்து தைச்சுப் பார்த்துடலாம்.