பிள்ளையின் செல்போனுக்குப் பெற்றோர் போடும் பூட்டு
(ஜூபிலி விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில், பங்கு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இக்கூட்டத்தில் பேசும்படி தந்தை அவர்கள் என்னைப் பணித்தபோது நான் தயங்கினேன். நான் பெரிய படிப்புப் படித்தவனல்லன். இந்த ஈரோட்டில் துணிக்கடை வைத்துப் பிழைப்பவன். "நீங்கள் செய்த தவற்றையும் அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் சொல்லுங்கள், அது போதும்" என்றார். அந்தத் தைரியத்தில்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

பிள்ளைகளின் கையில் செல்போன் வந்த கதையை யாரும் மறந்திருக்க முடியாது. 2020 மார்ச்சில் கொரோனாவின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. அதுவரை "போனைத் தொடாதே" என்று அதட்டிய நாமே, கடன் வாங்கியும் தவணையில் எடுத்தும் போனைப் பிள்ளையிடம் கொடுத்து, "பாடத்தைக் கவனி" என்றோம். ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் பள்ளி திறந்தது. பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினார்கள். போன் மட்டும் நம்மிடம் திரும்பவில்லை.

"அரசாங்கம் இதைக் கவனிக்கக் கூடாதா?" என்று கேட்போர் உண்டு. அரசும் நீதிமன்றமும் சும்மா இருக்கவில்லை. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக் செயலிக்குத் தடை சொல்லி, அதே மாதத்தில் தடையை நீக்கியது. 2020 ஜூனில் மத்திய அரசு அதைத் தடை செய்தது. செப்டம்பரில் பப்ஜி விளையாட்டையும் தடை செய்தது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு எதிராக நம் மாநிலம் 2022-லும், நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டிலும் சட்டம் செய்தன. இவையெல்லாம் நல்லவைதாம். ஆனால் ஒன்று போனால் வேறொன்று வருகிறது. இரவு பதினொரு மணிக்குப் போர்வைக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று எந்தச் சட்டமும் வந்து பார்க்காது. அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

அதற்காகப் பெற்றோர் போடும் பூட்டுப் போன்ற செயலிகள் பல உள்ளன. பலவும் இலவசம் என்றே விளம்பரம் செய்கின்றன. அங்கேதான் நான் சறுக்கினேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மகள் எட்டாம் வகுப்பில் படித்தாள். கடைக்கு வந்த ஒருவர், "பிள்ளைக்குத் தெரியாமலே எல்லாவற்றையும் பார்க்கலாம், காசும் இல்லை" என்று சொல்லி ஒரு செயலியின் லிங்கை அனுப்பினார். அது பிளே ஸ்டோரில் இல்லாத செயலி. போன் தானாகவே எச்சரித்தது; நான் அதையும் தள்ளிவிட்டு, மகள் தூங்கிய பிறகு ஏற்றினேன். பத்து நாட்கள் அவள் தோழிக்கு எழுதியவற்றை எல்லாம் படித்தேன். தவறாக ஒன்றும் இல்லை. ஒரு நாள் இப்படி எழுதியிருந்தாள்: "எங்கப்பாவுக்குக் கடையில வியாபாரம் இல்ல. ஸ்கூல் டூருக்குக் காசு கேக்க எனக்கு மனசு வரல."

படித்ததும் என் நெஞ்சு பொறுக்கவில்லை. மறுநாள் காலையில் டூருக்கான பணத்தை அவள் கையில் கொடுத்தேன். அவள் மகிழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "உங்களுக்கு எப்படித் தெரியுமுங்கப்பா?" என்று கேட்டாள். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. உள்ளதைச் சொன்னேன். அவள் அழவுமில்லை, கோபிக்கவுமில்லை. "கேட்டிருந்தா நானே காட்டியிருப்பனுங்கப்பா" என்றாள். அதற்குப் பிறகு பல வாரங்கள், நான் அறைக்குள் நுழைந்தால் போனைக் கவிழ்த்து வைப்பாள். பாதுகாப்புக்காக நான் போட்ட பூட்டு, எனக்கும் என் மகளுக்கும் நடுவே விழுந்துவிட்டது.

அந்தச் செயலியை அழித்தேன். பிறகு அவளையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, எது நல்லது என்று இருவருமாகத் தேடினோம். அப்படிக் கற்ற மூன்று கேள்விகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதற்கேள்வி: இது பிள்ளைக்குத் தெரியுமா? தன்னை மறைத்துக்கொண்டு வேலை செய்யும் செயலியை, இலவசமானாலும் தொட வேண்டாம்.

இரண்டாவது: இது இலவசம் என்றால், இதற்குப் பணம் கொடுப்பவர் யார்? நம் ஜவுளிச் சந்தையில் ஒருவர் சும்மா துணி கொடுத்தால், பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் வாங்குவோமா? குடும்பத்தார் இருக்குமிடத்தைக் காட்டும் லைஃப்360 என்ற செயலி, அந்த இருப்பிடத் தகவல்களை வியாபாரிகளுக்கு விற்றது 2021-இல் அமெரிக்காவில் அம்பலமானது. காசு வாங்கிக்கொண்டு பிள்ளைகளைக் கண்காணித்த டீன்சேஃப் என்ற செயலியிலிருந்து, பிள்ளைகளின் கடவுச்சொற்களே வெளியில் கிடந்தது 2018-இல் தெரியவந்தது. நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொண்டு, அவர்தம் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. அந்தச் சம்மதம் நம் கையில் இருக்கிறது. 'அனுமதி' என்ற பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தலாகாது.

மூன்றாவது: எனக்கு வேண்டிய வேலையைக் காசில்லாமலே செய்யுமா? சில செயலிகளில் பெயருக்குத்தான் இலவசம். நேர வரம்பு வைக்கப் போனால் பணம் கேட்கும்.

இந்த மூன்றையும் வைத்துப் பார்த்து, கூகுள் நிறுவனத்தின் ஃபேமிலி லிங்க் என்ற செயலியை நாங்கள் எடுத்தோம். ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது முற்றிலும் இலவசம். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், இரவில் எப்போது போன் அடங்க வேண்டும் என்று வைக்கலாம். புதுச் செயலி ஏற்றப் பிள்ளை நம்மிடம் அனுமதி கேட்க வேண்டும். எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் போனது என்பதும், பிள்ளையின் போன் எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். ஆனால் பிள்ளையின் கடிதத்தையோ பேச்சையோ அது நமக்குக் காட்டாது. பதின்மூன்று வயதைக் கடந்து ஏற்கெனவே சொந்தக் கணக்கு வைத்திருக்கும் பிள்ளையைப் பிள்ளையின் சம்மதத்தோடுதான் சேர்க்க முடியும். அதுவே அதன் சிறப்பு என்பேன்.

ஐபோன் உள்ளவர்களுக்கு ஸ்கிரீன் டைம் என்ற வசதி போனிலேயே இருக்கிறது. வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் மைக்ரோசாஃப்டின் ஃபேமிலி சேஃப்டி இலவசமாகக் கிடைக்கும்.

"எங்கள் வீட்டில் ஒரே போன், அதுவும் என்னுடையது" என்று சொல்லும் தாய்மார்களுக்கும் வழி உண்டு. பிளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். பணம் அனுப்பும் செயலியின் ரகசிய எண்ணைப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். சிறு பிள்ளைக்கு யூடியூப் கிட்ஸைத் திறந்து கொடுங்கள்.

இன்னொன்றையும் மனம் நோகாமல் கேளுங்கள். வாட்ஸப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் 13 வயதுக்குக் குறைந்தவர்கள் தாமாகவே கணக்குத் திறக்கக் கூடாது. பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுப் பத்து வயதுப் பிள்ளைக்குக் கணக்குத் திறந்து கொடுப்பவர் யார்? நாமேதான். பொய்யான வயதைக் கொடுத்தால், வயதைப் பார்த்துக் காக்கும் பூட்டு எதுவும் விழாது. பொய் சொல்லாதே என்று கற்பிக்கும் நாமே முதற்பொய்யைச் சொல்லிக் கொடுக்கலாமா?

இவ்வளவும் செய்தாலும் ஓட்டை இருக்கும். தோழியின் போனில் பார்க்கலாம். இன்ஸ்டாகிராமுக்குள் யார் என்ன அனுப்புகிறார் என்பதை ஃபேமிலி லிங்க் தடுக்காது. முன்பின் தெரியாத ஒருவன் படம் கேட்டு மிரட்டினால், அந்தப் பிள்ளை யாரிடம் ஓடும்? "அப்பா போனைப் பிடுங்கிக்கொள்வார்" என்ற பயம் இருந்தால் நம்மிடம் வராது. ஆகையால் என் மகளிடம் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன்: எது நடந்தாலும் முதலில் என்னிடம் சொல், உன்னைத் திட்டவும் மாட்டேன், போனைப் பிடுங்கவும் மாட்டேன். பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098, இணையத்தில் பணம் பறிபோனால் 1930 என்ற எண்களையும் அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

அவளும் என்னிடம் ஒரு நிபந்தனை வைத்தாள். இரவு ஒன்பதரைக்கு அவள் போன் அடங்கும்போது, என் போனும் அலமாரிக்குள் போக வேண்டும். கடைக்கணக்கு, சரக்கு, ஆர்டர் என்று நான் சொன்ன சாக்குகள் ஒன்றும் செல்லவில்லை. இப்போது இரண்டு போன்களும் அருகருகே அலமாரியில் கிடக்கின்றன. செபமாலை முடிந்து, சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறோம். போன வாரம், வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வந்த ஆபாசமான செய்தியைப் பற்றி அவளாகவே என்னிடம் சொன்னாள். பத்து நாள் ஒளிந்திருந்து படித்தபோது எனக்குக் கிடைக்காத செய்தி அது.

அன்பார்ந்த பெற்றோரே! இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளையை அருகில் அழைத்து, "வா கண்ணு, ரெண்டு பேரும் சேர்ந்து இதைப் போடலாம்" என்று சொல்லுங்கள். பிள்ளை தூங்கும் வரை காத்திருக்க வேண்டாம்.