பாட்டுக்காக எழுந்த மாளிகை

இன்று புடாபெஸ்ட் நகரின் ஆந்த்ராஷி சாலைக்குப் போவோம். 1896இல் ஓடத் தொடங்கிய மஞ்சள் நிறச் சுரங்க ரயிலில் வந்து 'ஓபரா' நிறுத்தத்தில் இறங்குங்கள். படியேறி வந்தால், எதிரே ஹங்கேரியின் இசைநாடக (ஓபரா) அரங்கம். இப்ல் மிக்லோஷ் என்னும் கட்டடக் கலைஞரின் படைப்பு இது.

முகப்பில் இரண்டு சிலைகள் இருக்கின்றன. ஒன்று உலகறிந்த இசைமேதை லிஸ்ட். மற்றொன்று எர்க்கெல் ஃபெரென்ட்ஸ். ஹங்கேரியின் நாட்டுப்பண்ணுக்கு இசையமைத்தவர் இவர்தான். இந்த மாளிகையின் கதையும் இவரிடமிருந்தே தொடங்குகிறது.

எர்க்கெல் காலத்துக்கு முன்பிருந்தே ஹங்கேரி ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் ஆட்சியின் கீழ் இருந்தது. பின்னாளில் புடாபெஸ்டின் ஒரு பகுதியான பெஸ்ட் நகரில் ஜெர்மன் நாடகம் கோலோச்சியது. ஹங்கேரிய மொழியில் இசைநாடகம் படைக்கும் முயற்சி 1793இலேயே நடந்தது; அந்த இசை இன்று நம்மிடம் இல்லை. 1822இல் கொலோஷ்வார் நகரில் ருஜித்ஸ்கா என்ற இசையமைப்பாளர் இன்னோர் இசைநாடகத்தை மேடையேற்றினார். ஆனால் அந்தக் கலையை வேர்பிடிக்க வைத்தவர் எர்க்கெல்.

1844இல் அவருடைய 'ஹுன்யாதி லாஸ்லோ' அரங்கேறியது. சூழ்ச்சி செய்த அயலான் வீழ்ந்ததைக் கொண்டாடி அதில் வீரர்கள் பாடும் குழுப்பாடல், ஹாப்ஸ்பர்க் ஆட்சிக்கு எதிரான 1848 புரட்சியில் மக்களின் பாட்டாகவே ஆகிவிட்டது. அந்தப் புரட்சி ஒடுக்கப்பட்டது. ஆனாலும் 1861இல் எர்க்கெல் 'பாங்க் பான்' தந்தார். அந்நியர் சூழ்ந்த அரசியின் அநீதிக்கு எதிராக எழும் ஒரு பிரபுவின் கதை. ஊர்ப்புற ஆட்ட இசையின் தாளம் அதில் துள்ளும். சந்தூர்போலக் குச்சிகளால் தட்டி வாசிக்கும் சிம்பலோமையும் வாத்தியக் குழுவில் சேர்த்தார்.

இத்தனைக்கும் பிறகுதான் இந்தக் கட்டடம் வந்தது. 1884 செப்டம்பர் 27, திறப்பு விழா. 'பாங்க் பான்' முதல் அங்கத்தோடு மேடை விழித்தது. பாட்டு முதலில் பிறந்து, தனக்கொரு வீட்டைப் பிறகு தேடிக்கொண்டது.

உள்ளே நுழைந்து அண்ணாந்து பாருங்கள். லோட்ஸ் காரோய் தீட்டிய ஒலிம்பஸ் மலைத் தெய்வங்கள் விதானம் முழுக்க வீற்றிருப்பார்கள். இசையமைப்பாளர் மாலர் இங்கே இயக்குநராக இருந்தார். ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் 'நீலத்தாடியின் கோட்டை' என்ற இசைநாடகம் 1918இல் முதன்முதலாக ஒலித்ததும் இங்கேதான்.

எர்க்கெல் பிறந்தது 1810 நவம்பர் 7. அந்தத் தேதியையே ஹங்கேரிய ஓபரா நாளாகக் கொண்டாடுகிறார்கள். இத்தாலிய இசைநாடகங்களை எந்த ஊரிலும் கேட்கலாம். புடாபெஸ்ட் போகிறவர்கள் இங்கே எர்க்கெல் நாடகம் நடக்கும் மாலையாகப் பார்த்துச் சீட்டு வாங்குங்கள். மொழி புரியாவிட்டாலும், ஒரு நாடு தன் குரலில் பாட எத்தனை ஆசைப்பட்டது என்பது நிச்சயம் புரியும்.