மும்பை மாநகரில் தாதாக்கள் வளர்ந்த வரலாறு



பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர்களாகிய நாம் மும்பையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அந்நகரத்துத் தாதாக்களின் கதையும் பேச்சில் வந்து சேர்ந்துவிடுகிறது. அவர்களில் சிலர் தமிழர் என்பதைச் சிறிது பெருமையோடும் சொல்லிக்கொள்கிறோம். அப்பெருமை தகுமா என்பதை இன்று சற்றே சிந்திப்போம்.

இக்கூட்டங்களுக்கு முதல் தந்தது மதுவிலக்கு. பம்பாய் மாகாணத்தில் 1949-இல் இயற்றப்பெற்ற சட்டம் நல்லெண்ணத்தில் பிறந்ததே. ஆயினும் குடித்துப் பழகியவர்கள் குடியை விடவில்லை. தாராவியின் சதுப்பு நிலங்களில் வெல்லமும் நவச்சாரமும் ஊறின. காய்ச்சிய சாராயம் டயர் டியூபுகளில் நகருக்குள் சென்றது. அடுத்து வந்தது தங்கம். 1960-களில் தங்கக் கட்டுப்பாடு வந்ததும், துபாயிலிருந்து கடல் வழியே கள்ளத் தங்கம் குவிந்தது.

இராமநாதபுரம் மாவட்டத்துப் பனைக்குளத்தில் பிறந்த ஹாஜி மஸ்தான் துறைமுகக் கூலியாக இருந்து கடத்தலில் செல்வரானார். தூத்துக்குடியிலிருந்து வந்த வரதராஜ முதலியார், ரயில் நிலையத்தில் சுமை தூக்கியவர், சாராயத் தொழிலில் கொடி கட்டினார். பட்டாணியரான கரீம் லாலாவும் அதே காலத்தவர். ஆகவே இக்குற்றத்திற்கு மொழியுமில்லை, மதமுமில்லை.

ஏழைத் தமிழர்கள் வரதராஜரை நாடியது ஏன்? குடிசைக்குத் தண்ணீர் இல்லை. ரேஷன் அட்டை இல்லை. அரசாங்க அலுவலகத்தில் நம் மொழி அறிந்தவர் இல்லை. மனுவைக் கேட்க ஆளில்லாத இடத்தில், கேட்பவன் தலைவனாகிறான். மாதுங்கா ரயில் நிலையத்தருகே அவர் நடத்திய பிள்ளையார் விழாவில் மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். ஆனால் அவ்விழாவின் செலவு எங்கிருந்து வந்தது? கூலிக்காரன் சாராயக் கடையில் விட்டுச் சென்ற காசிலிருந்துதானே! அவன் மனைவியின் அடுப்பு அணைந்ததை எவரும் கதையாக்கவில்லை. போலீசாரின் நெருக்குதலால் சென்னைக்குத் திரும்பிய அவர் 1988-இல் மறைந்தார்.

1982-இல் பஞ்சாலைத் தொழிலாளர் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்தனர். பெரும்பாலோர்க்கு வேலை திரும்பக் கிட்டவில்லை. வேலையற்ற வீட்டுப் பிள்ளைகளிற் சிலரைக் கும்பல்கள் ஈர்த்துக்கொண்டன. தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990-இல் நீங்கிக் கடத்தலில் இலாபம் குன்றவே, அவை மிரட்டிப் பணம் பறிப்பதிலும் நிலத் தகராறுகளிலும் இறங்கின. 1993 மார்ச் 12-ஆம் நாள் நிகழ்ந்த குண்டு வெடிப்புகளில் 257 பேர் மாண்டனர். 1999-இல் மகாராஷ்டிர அரசு கும்பல் குற்றங்களை ஒடுக்கத் தனிச் சட்டம் இயற்றியது.

சட்டம் வேண்டியதே; அது மட்டும் போதாது. 1976-இல் அரசு குடிசைகளைக் கணக்கெடுத்து அடையாள அட்டை வழங்கியபோது, குடிசைவாசி முதன்முதலாகத் தன் பெயரை அரசாங்க ஏட்டில் கண்டான். தாதாவின் தயவைக் குறைப்பது அத்தகைய அட்டையே, குழாயே, பள்ளிக்கூடமே. கள்ளச் சாராயமோ இன்றும் ஏழையையே கொல்கிறது. 2015-இல் மும்பை மால்வணியில் நூற்றுக்கு மேற்பட்டோர் அதனால் இறந்தனர்.

ஊர் விட்டு வந்த நாம், புதிதாய் வருபவர்க்கு ஒரு மனு எழுதித் தருவோம். அலுவலகத்திற்கு உடன் செல்வோம். நாம் செய்யத் தவறும் அவ்வுதவியைத்தான் தாதா விலைக்குச் செய்கிறான்.