செவியறிவுறூஉ

புறநானூற்றுப் பாடல்களின் அடியில் திணை, அதன் உட்பிரிவான துறை என்று குறிப்பு இருக்கும். படிப்பவர் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். அந்தத் துறைகளில் ஒன்று செவியறிவுறூஉ. அரசனின் கடமையை அவன் செவியில் ஏறும்படி எடுத்துச் சொல்வது. தொல்காப்பியம் இதைப் பாடாண் திணையில் வைக்கிறது. பாடாண் என்றால் ஒருவனின் புகழைப் பாடுவது. புத்திமதிக்கும் புகழுக்கும் ஒரே வீட்டில் இடம் கொடுத்திருக்கிறார்கள்!

எப்படிச் சொன்னார்கள் என்று பாருங்கள். பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் சொன்னது வரிக் கணக்கு. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால், ஒரு மாவுக்கும் குறைந்த நிலம் யானைக்குப் பல நாள் காணும். அதே யானை தானே வயலில் இறங்கினால், நூறு செய் இருந்தாலும் வாயில் போவதைவிடக் காலில் மிதிபடுவது அதிகம். முறையறிந்து வரி வாங்காத அரசனும், தரம் அறியாத கூட்டம் சூழ்ந்த அரசனும் அந்த யானைதான். அவனும் உண்ண மாட்டான், நாடும் கெடும். 'கொடுங்கோலன்' என்ற வசை பாட்டில் இல்லை. இதைச் சொன்னவர் பாண்டிய நாட்டுக்காரர், பிசிர் என்ற ஊர். பின்னால் கோப்பெருஞ்சோழனுக்காக வடக்கிருந்து உயிர்விட்டாரே, அவரேதான்.

வெள்ளைக்குடி நாகனார் வேறு வழியில் போகிறார். சோழன் கிள்ளிவளவன் அவையில் முதலில் காவிரியையும் சோழ நாட்டையும் புகழ்கிறார். பிறகு மெல்ல விஷயத்துக்கு வருகிறார். உன் வெண்கொற்றக்குடை வெயிலுக்குப் பிடித்ததல்ல, வருந்தும் குடிகளுக்கு நிழல் தருவது. உன் படை வென்றது என்றால் அது உழவன் கலப்பையில் விளைந்த வெற்றி. மழை பொய்த்தாலும் விளைச்சல் குன்றினாலும் உலகம் அரசனைத்தான் பழிக்கும். ஆகவே ஏர் பிடிப்பவனைக் காப்பாற்று. நிலவரி பாக்கியைத் தள்ளுபடி செய் என்று பாட்டில் ஓரிடத்திலும் நேராகக் கேட்கவில்லை. ஆனால் இந்தப் பாட்டைப் பாடிப் 'பழஞ்செய்க்கடன்' நீங்கப் பெற்றார் என்று அடிக்குறிப்பு சொல்கிறது. பழைய பாக்கி தீர்ந்தது! ஒரு பாட்டு என்ன செய்தது என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிவது அபூர்வம்.

அரசனுக்குச் சொன்ன அறிவுரை எல்லாவற்றுக்கும் இந்தப் பெயர் கிடைத்துவிடவில்லை. குறுநில மன்னன் மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடப்போன அதே கிள்ளிவளவனைக் கோவூர் கிழார் தடுத்த பாட்டுக்குத் துறை, துணைவஞ்சி; பிறரை அழிக்க நிற்பவனை இடைநின்று சமாதானம் செய்வது. அது சரிதான், அங்கே ஆட்சிமுறை பேச நேரமில்லை, உயிர் போகிற அவசரம். குடபுலவியனார் பாட்டில்தான் எனக்குத் தொகுத்தவர்களோடு வழக்கு. பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அவர் சொன்னது இது: மறுமைச் செல்வம் வேண்டுமா, ஒரே வேந்தனாக நிற்க வேண்டுமா, புகழ் வேண்டுமா? பள்ளமான இடம் பார்த்து நீரைத் தேக்கு. இதைப் பொதுவியல் திணையில் கொண்டுபோய் வைத்து, அறம் பொருள் இன்பம் என்ற உறுதிப்பொருள்களைச் சொல்லும் முதுமொழிக்காஞ்சித் துறை என்றுவிட்டார்கள். என்னைக் கேட்டால், செவியறிவுறூஉ என்ற பெயருக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு புறநானூற்றில் அதிகம் இல்லை.