பதின்பருவத்தார் குழூஉக்குறி

ரஷ்ய மொழியில் பதினொன்று முதல் பத்தொன்பது வரையுள்ள எண்களின் பெயர்கள் யாவும் ஏறத்தாழ ‘நாட்சாட்’ என்னும் ஒலியில் முடிவன. அவ்வீற்றையே பதின்பருவத்தாரின் கற்பனைக் குழூஉக்குறிக்குப் பெயராக்கினார் அந்தோணி பர்ஜெஸ் என்னும் ஆங்கில நாவலாசிரியர். 1962இல் வெளியான ‘ஏ கிளாக்வொர்க் ஆரஞ்ச்’ என்னும் அவரது நாவலில், அலெக்ஸ் என்னும் பதினைந்து வயதுச் சிறுவன் தான் செய்த கொடுமைகளை இம்மொழியிலேயே சொல்லிச் செல்கிறான்.

அவனுக்குத் தோழன் ‘ட்ரூக்’, பால் ‘மொலாக்கோ’. ‘நன்று’ எனப் பொருள்படும் ‘ஹரஷோ’ என்னும் ரஷ்யச் சொல், அவன் வாயில் ‘ஹாரர்ஷோ’ ஆகிவிடுகிறது. ஆங்கிலச் செவிக்கு அது ‘கோரக் காட்சி’ அன்றோ!

நடப்பிலுள்ள இளைஞர் வழக்கைக் கையாண்டால் அது விரைவில் பழமைப்பட்டுவிடும் என்று பர்ஜெஸ் கருதினார். 1961இல் லெனின்கிராடு சென்றுவந்தவர் அவர். ரஷ்யச் சொற்களை எடுத்துக்கொண்டார். நூலுடன் சொற்பட்டியல் இணைப்பதை அவர் விரும்பவில்லை. மலாயாவில் ஆசிரியப் பணி புரிந்தவரல்லவா? ஒரு சொல் தக்க இடங்களில் திரும்பத் திரும்ப வந்தால், படிப்பவர் பொருளைத் தாமே உணர்ந்துகொள்வர் என்பது அவருக்குத் தெரியும்.

இங்கேதான் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். ‘முதியவரை அடித்தான்’ என்றால் நெஞ்சு துணுக்குறும். ‘டோல்சாக்’ கொடுத்தான் என்றாலோ, முதலில் பொருளைத் தேடுகிறோம், துணுக்கம் பின்தங்குகிறது. சில பக்கங்களில் சொல் பழகிவிடுகிறது, அடியும் பழகிவிடுகிறது. கதையில் அரசு அலெக்ஸின் மனத்தை மருந்தாலும் திரைப்படத்தாலும் பழக்குகின்றது. படிப்பவர் மனத்தைப் பழக்குவதற்கு ஆசிரியருக்கு ஏறத்தாழ 200 சொற்களே போதுமானவையாயின.