கயிறு பிடிக்க ஒரு மச்சான்

நடுவர் அவர்களே! எய்ட்ஸைத் தடுக்க ஒழுக்கம் போதும், மாத்திரை எதற்கு என்று கேட்டார் எதிரணி அண்ணாச்சி. அண்ணாச்சி, இது தூத்துக்குடி! 1961-இல் கடைசி முத்துக்குளிப்பு நடந்த ஊர். கடலில் குதிக்கிறவன் கயிறு பிடிக்க மச்சானைத்தான் நம்புவானாம். ஏன்? தங்கச்சி தாலி அந்தக் கயிற்றில் இருக்கே! (சிரிப்பு) அந்த மச்சான், ‘நீ யோக்கியனா?’ என்று விசாரித்துவிட்டா கயிறு பிடித்தான்? (கைதட்டல்)

எச்.ஐ.வி. வந்தவர்களுக்கு 2004 முதல் அரசாங்கம் இலவச மருந்து தருகிறது. நல்லது. அது முங்கினவனைத் தூக்குகிற கை. முங்காமல் காக்கிற கயிறும் இருக்கே! கிருமி இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தபின், தினம் ஒரு மாத்திரை. தவறாமல் சாப்பிட்டால் உறவு வழியாகத் தொற்றும் ஆபத்து வெகுவாகக் குறையும். மூன்று மாதத்துக்கொரு பரிசோதனை உண்டு. மற்ற பால்வினை நோய்களுக்காக ஆணுறையும் வேண்டும். ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு இதைக் கொடுங்கள் என்று 2015-லேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லியாச்சு.

ஆணோடு உறவுகொள்ளும் ஆண்களும் அதில் அடக்கம். அது குற்றமில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. ஆனா ஆஸ்பத்திரி வாசல்ல நம்ம முகச்சுளிப்பைப் பார்த்தே ஒருத்தன் திரும்பிப் போயிட்டா? அவனும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே! அரசு ஆஸ்பத்திரியில் கூச்சமில்லாமல் கேட்டு வாங்க வழி செய்யணும். அறிவுரையை அப்புறம் சொல்லலாம் அண்ணாச்சி, முதல்ல கயிறைப் பிடிங்க! (பலத்த கைதட்டல்)