கலிப்பொலியில் உண்ட விசுக்கோத்து

போரிலிருந்து மீண்டு வந்த முதியவரிடம் பேரப்பிள்ளைகள் கேட்கும் முதற் கேள்வி, எத்தனை பகைவரை வீழ்த்தினீர்கள் என்பதே. அதற்கு அவர் பெரும்பாலும் விடை சொல்வதில்லை. பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார். களத்தில் என்ன உண்டீர்கள் என்று கேட்டாலோ நிறுத்தாமற் சொல்லுவார். முதலாம் உலகப் போரிலே துருக்கியின் கலிப்பொலிக் குடாநாட்டிற் போரிட்ட அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையினர் விட்டுச்சென்ற நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் பார்ப்பவர் இதனை நன்கு உணர்வர்.

அப்படையினர் இலங்கைக்கு முற்றிலும் அந்நியரல்லர். 1914 நவம்பரில் அவர்களை ஏற்றிவந்த கப்பல்கள் கொழும்புத் துறைமுகத்திலே தரித்துச் சென்றன. அதற்குச் சில நாள் முன்னர்தான், அவற்றுக்குக் காவலாக வந்த 'சிட்னி' என்னும் போர்க்கப்பல் பிரிந்து சென்று 'எம்டன்' கப்பலை வென்றது. தமிழிலே பொல்லாத கெட்டிக்காரனுக்குப் பெயராகிவிட்ட அதே எம்டன்தான். இலங்கைத் தோட்டத்துரைமாரின் துப்பாக்கிப் படையினர் சிலரும் அவர்களோடு கலிப்பொலியில் இருந்தனர்.

1915 ஏப்பிரல் 25ஆம் நாள் விடியற்காலையிற் கரையிறங்கியவர்களின் பைகளிலே விசுக்கோத்தும், பேணியில் அடைத்த உப்பிட்ட மாட்டிறைச்சியும் இருந்தன. ஏறக்குறைய எட்டு மாதம் அங்கே கிடந்தார்கள். இடையிடையே ஜாம், பாற்கட்டி, தேநீர் என்பன கிடைத்தன. பச்சைக் காய்கறி அரிதினும் அரிது.

விசுக்கோத்து என்றதும் தேநீரில் தோய்த்து உண்ணும் பண்டத்தை நினைத்தலாகாது. நெடுநாள் கெடாதிருக்கும் பொருட்டு ஈரமெல்லாம் போகச் சுட்டெடுத்த சதுர வில்லை அது. படையினர் அதற்கு 'ஓடு' என்றே பெயரிட்டனர். கூரைக்கு வேயும் ஓடுதான். கடித்தவன் பல் உடைந்தது. பொய்ப்பல் கட்டியவன் பாடு அதனினும் மோசம். போதிய பல்வைத்தியர் படையுடன் அனுப்பப்படாமையால், குண்டு படாமலே பல்வலியினாற் களத்தை விட்டவர் பலர். போரைத் திட்டமிட்ட பெரியோர் பீரங்கிகளை எண்ணினார்களேயன்றிப் பற்களை எண்ணவில்லை. எஞ்சியோர் தாமே ஒரு வழி கண்டனர். வெற்றுப் பேணித் தகட்டில் ஆணியால் துளையிட்டு, அதில் விசுக்கோத்தைத் துருவி, நீர் விட்டுக் கஞ்சியாகக் காய்ச்சினர்.

அந்த நீருக்கும் பஞ்சம். கப்பலில் வந்த நீரைத் தகரங்களிலே நிரப்பி மேட்டுக்குச் சுமக்கவேண்டும். பதினாறே வயதில் அவ்வாறு நீரும் வெடிமருந்தும் சுமந்தவர் அலெக் காம்பெல். கலிப்பொலியிற் போரிட்டவர்களுள் இறுதிவரை எஞ்சியிருந்தவர் அவரே. 2002இல், 103ஆவது வயதிற் காலமானார்.

கோடை வந்தது. பேணியிலிருந்த கொழுப்பு உருகி எண்ணெயாயிற்று. உப்பிறைச்சி தாகத்தை வளர்த்தது. எல்லாவற்றிலும் கொடியவை ஈக்கள். ஜாம் பூசிய விசுக்கோத்து வாயை அடையுமுன் கறுத்துவிடும். ஒரு கையால் ஓட்டி மறு கையால் உண்டாலும் ஈயும் சேர்ந்தே உள்ளே போகும். அவை எங்கிருந்து வந்தன என்பதை ஒவ்வொருவனும் அறிந்திருந்தான். இரு தரப்பு அகழிகளுக்கும் இடையே அடக்கஞ் செய்வாரின்றிக் கிடந்த உடல்களிலிருந்து வந்தன. நேற்று அருகிலிருந்து உண்டவனுடைய உடலும் அங்கேதான் கிடந்தது. இதனை எழுதியவர்கள் இரண்டொரு வரியோடு நிறுத்திக்கொண்டார்கள். வயிற்றுளைவு படையெங்கும் பரவிற்று. கலிப்பொலியிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்களுள் காயப்பட்டோரிலும் நோயுற்றோரே மிகுதி.

அதே கரையில் வேறொரு சமையலும் நடந்தது. கோவேறு கழுதைகளை ஓட்டிய இந்தியரும் மலைப் பீரங்கிப் படையினரும் அங்கே இருந்தனர். அவர்களுக்குக் கோதுமை மா, பருப்பு, நெய், மிளகாய், மஞ்சள் என்பன தனியே வழங்கப்பட்டன. சப்பாத்தி சுடும் மணம் பள்ளத்தாக்கில் எழுந்ததும் அவுஸ்திரேலியர் தம்மிடமிருந்ததை எடுத்துக்கொண்டு பண்டமாற்றுக்குப் புறப்பட்டனர். மாட்டிறைச்சிப் பேணிக்கு அங்கே பெரிய விலை கிடைத்திராது என்பது சொல்லாமலே விளங்கும். காயப்பட்டோரைக் கழுதையில் ஏற்றிக் காத்துப் புகழ்பெற்ற சிம்ப்சன் என்பவர் இந்தியரோடே தங்கி அவர்களுடைய உணவையே உண்டார். கரையிறங்கி நான்கு வாரம் நிறையுமுன், மே 19ஆம் நாள் அவர் குண்டுபட்டு இறந்தார்.

வெறுமையான ஜாம் பேணிகளும் வீணாகவில்லை. வெடிமருந்தும் இரும்புத் துண்டுகளும் நிரப்பித் திரி வைத்து அவற்றைக் கைக்குண்டுகளாக்கினர்.

இன்று ஏப்பிரல் 25ஆம் நாள் வரும்போது அவுஸ்திரேலிய, நியூசிலாந்து இல்லங்களிலே 'அன்சாக் விசுக்கோத்து' சுடுகிறார்கள். ஓட்ஸ் தானியம், வெண்ணெய், இனிப்புப் பாகு, தேங்காய்ப்பூ எல்லாம் சேர்ந்த சுவையான பண்டம். கலிப்பொலியில் உண்டது இதுவே என்று எண்ணும் பிள்ளைகள் பலர். அப்போர்க்காலத்திற் சிலர் உண்மையான விசுக்கோத்தின் மீதே மையால் எழுதி வீட்டுக்குக் கடிதமாக அனுப்பினர். அத்தகைய சில கன்பராவிலுள்ள போர் நினைவகத்திலே பேணப்படுகின்றன. நூறாண்டு கடந்தும் அவற்றிலுள்ள எழுத்தை வாசிக்கலாம்.